பாத்தி கட்டும் வீட்டுப் பிள்ளைகளும் சிசிஎன்ஏ தேர்வும்

தூத்துக்குடி உப்பளங்களில் பெரிய நிலத்தை வரப்பு கட்டிப் பாத்திகளாகப் பிரித்திருப்பார்கள். எந்தப் பாத்தியின் நீர் எதற்குப் போக வேண்டும் என்று பார்த்து மடை திறப்பவர் தொழிலாளி. கணினி வலையமைப்புப் படிப்பில் மாணவர்கள் மிரளும் ‘சப்நெட்டிங்’கும் ஏறக்குறைய இதே வேலைதான். 256 முகவரிகள் கொண்ட வலையமைப்பை நான்காகப் பிரித்தால் பகுதிக்கு 64. முதலும் கடைசியும் கருவிகளுக்குக் கிடையாது, மீதி 62. பகுதிக்குப் பகுதி வழிவிடுவது ரவுட்டர். உப்பளத்திலும் துறைமுகத்திலும் உழைக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் இந்தப் படிப்பைக் கண்டு ஒதுங்க வேண்டியதில்லை.

சிஸ்கோ நிறுவனம் நடத்தும் சிசிஎன்ஏ தேர்வுக்குப் பட்டம் கட்டாயமில்லை. தேர்வு நேரம் 120 நிமிடம். சான்றிதழ் 3 ஆண்டுகள் செல்லும். பயிற்சிக்கு ரவுட்டர் வாங்க வேண்டாம். ‘பாக்கெட் டிரேசர்’ மென்பொருள் இலவசம். தடை கட்டணம்தான்: 300 டாலர். நம் பணத்தில் 25,000 ரூபாய்க்கு மேல். தினக்கூலிக் குடும்பம் இதை எங்கிருந்து புரட்டும்?

கணினித் திரை சாதி கேட்பதில்லை. ஆனால், அலுவலகம்? அதே சிஸ்கோவின் கலிபோர்னியா அலுவலகத்தில் தலித் பொறியாளர் ஒருவருக்குச் சாதிப் பாகுபாடு காட்டப்பட்டதாக, 2020 ஜூனில் அம்மாநில அரசுத் துறை வழக்குத் தொடுத்தது. நிறுவனம் அதை மறுத்தது. 2023 ஏப்ரலில் இரு மேலாளர்கள் மீதான வழக்கைத் துறையே திரும்பப் பெற்றது. நிறுவனத்தின் மீதான வழக்கைக் கைவிடவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டம் இயற்றித் தடை செய்தது. அமெரிக்க நகரங்களில் அதுவே முதல்.

இதைச் சொல்வது பிள்ளைகளைப் பயமுறுத்த அல்ல. கடல் தாண்டியும் சாதி வரும். அதை எதிர்த்து ஒருவர் எழுந்து புகார் சொன்னதால்தான் உலகம் பேசியது. தொழிலோடு உரிமையையும் படித்துக்கொண்டு போங்கள் என்பதற்காகவே சொல்கிறேன்.

ஆதிதிராவிடர் இளைஞர்களுக்குத் தாட்கோ திறன் பயிற்சி அளிக்கிறது. நம் மாவட்டத்தில் வலையமைப்புப் படிப்புக்கு மாலை வகுப்பு வேண்டும். முழுத் தேர்வுக் கட்டணத்தையும் அரசே செலுத்த வேண்டும். வகுப்பு முடித்த பிள்ளை பணமில்லாமல் தேர்வறை வாசலில் நிற்பதானால், அந்தப் பயிற்சியால் யாருக்கு என்ன பயன்? ஊர்க் கூட்டங்களில் இதைத் தீர்மானமாக எழுதி ஆட்சியரிடம் கொடுப்போம்.