மோட்டார் கேபிளை எவ்வளவு ஆழத்தில் புதைப்பது?

கிணற்று மோட்டாருக்குச் செல்லும் வயரை வரப்போரம் ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிடும் விவசாயிகள் உண்டு. மண்வெட்டிக்கும் டிராக்டர் கலப்பைக்கும் அது எட்டிவிடும். ஈர மண்ணில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து.

இதற்குக் கவசக் கேபிளே ஏற்றது. பள்ளம் இரண்டரை அடி (75 செ.மீ.) ஆழம் இருக்க வேண்டும். வண்டிப் பாதையின் கீழ் குழாய்க்குள் விட்டு 1 மீட்டர் ஆழத்தில் பதிக்கவும். பள்ளத்தின் அடியில் மூன்று அங்குலம் மணல் பரப்பி, கேபிளை விறைப்பாக இழுக்காமல் கிடத்தி, மீண்டும் மணலிட்டு, மேலே செங்கல் அடுக்க வேண்டும். செங்கல் வீண் செலவல்ல. பின்னாளில் தோண்டுபவரின் மண்வெட்டி முதலில் அதில்தான் படும்.

மண்ணுக்குள் ஒட்டு கூடாது. டேப் சுற்றினாலும் ஈரம் இறங்கும். ஒரே நீளமாக வாங்கவும். கவசத்தை எர்த்துடன் இணைப்பது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை. பாதை திரும்பும் இடங்களில் அடையாளக் கல் நடவும்.