பாலர் வகுப்பில் ஒரு வாரம்: விளையாட்டுக்குள் ஒளிந்திருக்கும் பாடம்

தமிழ்ப்பள்ளிப் பாலர் வகுப்பில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோர் பலருக்குச் சில வாரங்களிலேயே ஒரு கவலை வந்துவிடுகிறது. பையில் வீட்டுப்பாடம் இல்லை. பயிற்சிப் புத்தகத்தில் பக்கங்கள் நிரம்பவில்லை. "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்டால், "விளையாண்டேன்" என்ற பதில்தான் கிடைக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை தனியார் பாலர் பள்ளியில் தாள் தாளாக எழுதுகிறதே என்ற ஒப்பீடும் சேர்ந்துகொள்கிறது.

அந்த விளையாட்டு பொழுதுபோக்கு அல்ல, திட்டமிட்ட பாடம். 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டம் பாலர் கல்வியை நாட்டின் கல்வி முறைக்குள் கொண்டு வந்தது. 2010இல் தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டம் அறிமுகமாகி, 2017இல் திருத்தப்பட்டது. மொழித் தொடர்பு, ஆன்மிகமும் நன்னெறியும், மனிதவியல், சுயத்திறன், உடல் வளர்ச்சியும் கலையும், அறிவியலும் தொழில்நுட்பமும் என ஆறு துறைகளை அது வகுத்தது. எழுத்தும் எண்ணும் இந்த ஆறில் ஒரு பகுதிதான்.

அக்காலத் தோட்டங்களில் அம்மா பால்மரம் வெட்டப் போனால் பிள்ளை ஆயாக் கொட்டகையில் இருக்கும். பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதே அங்கு பெரிய வேலை. அரசாங்கத் தமிழ்ப்பள்ளிகளில் உள்ள இன்றைய பாலர் வகுப்பு அப்படியல்ல. ஒரு வகுப்பில் அதிகபட்சம் 25 பிள்ளைகள். பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர், அவருக்கு ஓர் உதவியாளர். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம். பசியாறலும் அங்கேயே. தமிழோடு மலாயும் ஆங்கிலமும் அந்த நேரத்துக்குள் இடம்பெறுகின்றன.

பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு ஆசிரியர் பாடத்தை அமைப்பார். 'பழங்கள்' என்று வைத்துக்கொண்டால் வாரம் எப்படி நகரும் என்று பார்ப்போம். கெடா போன்ற மாநிலங்களில் ஞாயிற்றுக்கிழமையே வாரம் தொடங்கும், வரிசை மாறாது.

திங்கள்: கண்ணும் காதும்

பிள்ளைகள் வட்டமாக அமர்கிறார்கள். ஒரு பப்பாளிப் பழம் கை மாறிப் போகிறது. தொட்டுப் பார்க்கிறார்கள், முகர்ந்து பார்க்கிறார்கள், கனமா இல்லையா என்று சொல்கிறார்கள். தோல், காம்பு, விதை, சதை என்ற சொற்கள் அப்போது வருகின்றன. பட்டணத்துப் பிள்ளைகளில் சிலருக்கு இச்சொற்கள் ஆங்கிலத்தில் மட்டுமே தெரிந்திருக்கும். பப்பாளி, பலா, பட்டம் எனச் சொல்லச் சொல்ல 'ப' என்ற ஒலி காதில் பதிகிறது. எழுத்தைக் கண்ணால் பார்க்கும் முன் ஒலி பழகிவிட்டால், பிறகு வாசிப்பது எளிது.

செவ்வாய்: எண்ணிக்கை

இருபது வரை ஒப்பிப்பது வேறு, எண்ணத் தெரிவது வேறு. ஒன்று முதல் இருபது வரை மடமடவென்று சொல்லும் பிள்ளையிடம் ஏழு ரம்புத்தான் கொடுத்து எண்ணச் சொன்னால், ஒரு பழத்தை இரண்டு முறை தொடும், இன்னொன்றை விட்டுவிடும். ஒரு பழத்துக்கு ஓர் எண் என்று விரல் வைத்து எண்ணுவதுதான் கணிதத்தின் முதல் படி. சிவப்பு ரம்புத்தான் ஒரு தட்டில், மஞ்சள் மற்றொரு தட்டில் எனப் பிரிப்பதும், எது அதிகம் என்று சொல்வதும் அடுத்த படிகள்.

புதன்: விரல்கள்

மாவைப் பிசைந்து வாழைப்பழம் செய்கிறார்கள். வண்ணத்தாளைக் கிழித்து ஒட்டுகிறார்கள். மணல் தட்டில் விரலால் எழுத்தை வரைகிறார்கள். விஜயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கும் நம் வழக்கத்தை இது நினைவூட்டும். தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் வளைவும் சுழியும் கொண்டவை. 'அ' எழுத விரலும் மணிக்கட்டும் சொன்னபடி திரும்ப வேண்டும். அந்த வலிமை வருவதற்குள் பென்சிலைத் திணித்தால் பிள்ளை அழுத்திப் பிடித்து, கை வலித்து, எழுதுவதையே வெறுத்துவிடக்கூடும்.

வியாழன்: கடை

வகுப்பின் ஒரு மூலை பழக்கடையாகிறது. கையில் 10, 20, 50 சென் நாணயங்கள். ஒருவர் கடைக்காரர், மற்றவர்கள் வரிசையில். திங்களன்று கற்ற சொல்லும் செவ்வாயன்று கற்ற எண்ணும் இங்கே ஒன்றாகப் பயன்படுகின்றன. "எவ்வளவு?" என்று தமிழில் கேட்ட பிள்ளை, அடுத்த முறை "பெராப்பா?" என்று மலாயில் கேட்கிறது. தன் முறைக்குக் காத்திருப்பது, பொருளை வாங்கி நன்றி சொல்வது, சண்டை வந்தால் பேசித் தீர்ப்பது ஆகியவையும் பாடம்தான். வட்டத்தில் வாய் திறக்காத பிள்ளை கடைக்காரரானதும் பேசுவதுண்டு.

வெள்ளி: செய்து பார்த்தல்

கை கழுவி, பிளாஸ்டிக் கத்தியால் வாழைப்பழம் நறுக்கிப் பழக்கலவை செய்கிறார்கள். சாப்பிட்டபின் பல் துலக்குகிறார்கள். பப்பாளி விதையை மண்ணில் ஊன்றுகிறார்கள். அது முளைக்க இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகலாம். தினமும் நீர் ஊற்றிப் பொறுத்திருக்க வேண்டும். பிறகு, முதலில் என்ன செய்தோம், அப்புறம் என்ன செய்தோம் என்று வாரத்தைப் பிள்ளைகளே சொல்கிறார்கள். வரிசையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பின்னாளில் கட்டுரை எழுதுவது எளிதாகும்.

இந்த ஐந்து நாளும் ஆசிரியர் தேர்வு வைப்பதில்லை. யார் எதைச் செய்கிறார், எங்கே தடுமாறுகிறார் என்று கவனித்துக் குறித்துக்கொள்கிறார். மதிப்பீடு அப்படித்தான் நடக்கிறது.

"பாலர் வகுப்புதானே" என்று விட்டுவிடலாமா?

மழை, வண்டி இல்லை, பாட்டி வீட்டில் விசேஷம் என்று ஒரு நாள், இரண்டு நாள் பிள்ளையை நிறுத்திவிடுகிறோம். ஆனால் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளின் மேல் கட்டப்பட்டது. திங்களும் செவ்வாயும் வராத பிள்ளை வியாழக்கிழமைக் கடையில் சொல்லும் இல்லாமல், எண்ணும் இல்லாமல் நிற்கும். மற்றவர்கள் பேச, அது ஒதுங்கிப் பார்க்கும். உடல்நலம் சரியில்லையென்றால் வீட்டில் ஓய்வெடுக்கட்டும். மற்ற காரணங்களுக்கு நிறுத்தும் முன் ஒரு முறை யோசிப்பது நல்லது. விடுப்பு எடுத்தால், அன்று என்ன நடந்தது என்று ஆசிரியரைக் கேட்டு, அதையே வீட்டில் செய்து பார்க்கலாம்.

அதற்குக் காசு செலவில்லை. சின்ன வெங்காயம் உரிக்கச் சொல்லுங்கள். விரலுக்கு அதுவே பயிற்சி. சாப்பாட்டுத் தட்டுகளை ஆளுக்கு ஒன்றாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அது கணக்கு. சந்தைக்குப் போகும்போது காய்களின் பெயரைத் தமிழில் சொல்லுங்கள். "என்ன எழுதின?" என்பதைவிட "இன்னைக்கு எதைத் தொட்டுப் பார்த்த? யாரோட விளையாண்ட?" என்று கேளுங்கள், பதில் நீளும்.

பெயர் சொல்லி அழைத்தும் பிள்ளை திரும்பாவிட்டால், வயதுக்கேற்ற பேச்சு வராவிட்டால், அதை மறைக்காமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் காட்டுங்கள். இந்த வயதில் தெரிந்துகொண்டால் உதவி செய்ய நேரம் இருக்கிறது.

முதலாம் ஆண்டில் புத்தகமும் பென்சிலும் தானாக வந்துவிடும். அவற்றைப் பிடிக்கும் விரலும், கேட்கும் காதும், கேள்வி கேட்கும் துணிவும் பாலர் வகுப்பின் இந்தச் சாதாரண வாரங்களில்தான் உருவாகின்றன.