முதல் வரி இல்லாத மொழி

கணினி வகுப்பில் தொடக்கத்திலேயே ஒரு கணக்கு வரும். ஒரு குவளையில் மோர், இன்னொன்றில் தண்ணீர். இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். மூன்றாவது குவளை இல்லாமல் முடியாது என்பார் ஆசிரியர். (இரட்டைக் குவளை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வேறு. இது அதுவல்ல.)

நிரலிலும் இதே கதைதான். ‘அ’வில் 5, ‘இ’யில் 8 இருக்கிறது. முதல் வரி ‘அ = இ’, இரண்டாம் வரி ‘இ = அ’. முதல் வரி ஓடியதுமே ‘அ’வில் 8 வந்துவிடும். அடுத்த வரி எடுத்துக்கொள்ள அந்த 5 எங்கேயும் இல்லை. கடைசியில் இரண்டிலும் 8.

நாம் நடத்தும் மாலை வகுப்பில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டார்: “ஏண்ணா, ரெண்டு வரியும் ஒண்ணா ஓடக் கூடாதா?”

நாம் தமிழ் படித்தவர்கள். தேடிப் படித்துத்தான் பதில் சொல்ல முடிந்தது. ஓடலாம். எல்லா வரிகளும் முதலில் பழைய மதிப்பைப் படித்துக்கொள்ளட்டும்; எல்லாம் படித்து முடித்த பிறகு சேர்ந்து எழுதட்டும். இந்த ஒரு விதி போதும், மூன்றாவது குவளை தேவையில்லை. கணினிச் சில்லுகளை வடிவமைக்கப் பயன்படும் வெரிலாக் மொழியில் இப்படி எழுத வழி உண்டு. சில்லுக்குள் எல்லாச் சுற்றுகளிலும் ஒரே நேரத்தில் மின்சாரம் இருக்கிறது. அங்கே முதல் வரி, கடைசி வரி என்ற பேச்சுக்கே இடமில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு வரி ‘அ = 0’ என்கிறது, இன்னொரு வரி ‘அ = 1’ என்கிறது. இரண்டும் ஒரே நொடியில். யார் சொல் நிற்கும்? வெரிலாக்கில் ஒரே கம்பியில் சம வலுவோடு 0, 1 இரண்டும் வந்தால் விடை ‘எக்ஸ்’, அதாவது தெரியாது. 1983இல் இங்கிலாந்தில் வந்த ஆக்கம் மொழி இன்னும் கறார். சேர்ந்து ஓடும் பகுதிகளில் ஒன்று எழுதும் மாறியை மற்றொன்று தொடவே கூடாது. தொட்டால் நிரலையே ஏற்காது. பேச வேண்டியது இருந்தால் தனி வாய்க்கால் வழியாகத் தகவல் அனுப்ப வேண்டும்.

விளையாட்டுக்காகவே வகுக்கப்பட்ட விநோத மொழிகளும் உண்டு. ஆஸ்திரேலியாவின் டேவிட் மோர்கன்-மார் உருவாக்கிய ‘வென்எவர்’ மொழியில் வரிகளுக்கு வரிசை கிடையாது. செய்ய வேண்டிய வேலைப் பட்டியலிலிருந்து எதையாவது எடுத்துச் செய்யும். ஒரு வேலை மற்றொன்றுக்காகக் காத்திருக்க வேண்டுமானால் அதை நாம்தான் எழுதிவைக்க வேண்டும். 1972இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் மாணவர்கள் இருவர் உருவாக்கிய ‘இன்டர்கால்’ இன்னும் குறும்பு. போதுமான வரிகளில் ‘தயவுசெய்து’ என்று எழுதாவிட்டால் பணிவில்லை என்று நிரலைத் தள்ளிவிடும்; அதிகமாக எழுதினாலும் குழைகிறாய் என்று தள்ளிவிடும். இதைச் சொன்னபோது வகுப்பில் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. அந்தச் சிரிப்பின் காரணத்தை இந்தப் பகுதியின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளில் பலர் கணினி மொழியை எங்கோ யாரோ போட்டுவைத்த சட்டமாகவே நினைக்கிறார்கள். தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறார்கள். மேலிருந்து கீழாக ஓடுவது கூட யாரோ ஒருவர் எடுத்த முடிவுதான் என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

அந்த மாணவி தன் நோட்டில் சொந்தமாக ஒரு மொழி எழுதத் தொடங்கியிருக்கிறார். இரண்டு வரிகள் மோதினால் இரண்டும் தோற்கும், பழைய மதிப்பே இருக்கும் என்பது அவர் விதி. எந்த மதிப்பும் மாறாத சுற்று வந்தால் நிரல் நிற்கும். ‘வணக்கம்’ என்று ஒரு வரியும் பெயரை ஒரு வரியும் அச்சிடச் சொன்னால் எது முதலில் வரும் என்று பக்கத்தில் இருந்த பையன் கேட்டான். அதற்கு இன்னும் விதி எழுதவில்லை.