சீனாவைப் பங்கு போட்ட தளகர்த்தர்கள்

1916-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் யுவான் ஷிகாய் காலமானதும், சீனக் குடியரசு பெயருக்கு மாத்திரம் ஒன்றாக நின்றது. பெக்கிங்கில் ஒரு சர்க்கார் கொலுவிருந்தது வாஸ்தவந்தான். ஆனால் மாகாணங்களில் சைன்யத்துக்குச் சம்பளம் கொடுத்தவன் எவனோ அவனே ராஜா.

சம்பளத்துக்குப் பணம் ஏது? குடியானவனின் நிலவரிதான். ஸெச்சுவான் மாகாணத்தில் பல தளகர்த்தர்கள் ஜில்லாக்களைப் பங்கு போட்டுக் கொண்டு, வரப்போகிற வருஷங்களின் வரியையும் முன்கூட்டியே வசூலித்தார்கள். சில இடங்களில் இந்த முன்வசூல் பல பத்தாண்டுகளையும் தாண்டிவிட்டது. பிறவாத பேரன் விளைவிக்கப் போகும் நெல்லுக்குப் பாட்டன் வரி கட்டினான்! தோற்று ஓடியவன் கொடுத்த ரசீது ஜயித்து வந்தவனிடம் செல்லுமா என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

எல்லோரும் ஒரே அச்சு என்று தள்ளிவிடவும் முடியாது. 1911 முதல் 1949 வரை, சிற்சில இடைவெளிகள் தவிர, ஷான்ஸி மாகாணத்தைக் கைக்குள் வைத்திருந்த யென் ஸிஷான், பெண்களின் பாதங்களைக் கட்டிக் குறுக்கும் கொடுமையை எதிர்த்தார், பள்ளிக்கூடங்கள் வைத்தார். தாய்யுவான் நகரில் ஆயுதத் தொழிற்சாலையும் வைத்தார் என்பதை மறக்கலாகாது. 1930-களில் அவர் போட்ட ரயில் பாதையின் அகலம் ஒரே மீட்டர். சீனாவின் பிரதான ரயில்களோ அதைவிட அகலமானவை. அந்த வண்டிகள் இதில் ஓட மாட்டா.

மஞ்சூரியாவை ஜப்பானியரின் ஆதரவோடு ஆண்டவர் சாங் ஸோலின். 1928 ஜூன் 4-ந் தேதி அவர் ஏறி வந்த ரயிலுக்கு வெடி வைத்துக் கொன்றவர்களும் ஜப்பானிய ராணுவ அதிகாரிகளே. அவருடைய மகன் சாங் ஸூலியாங் அவ்வருஷ முடிவில் நான்கிங் சர்க்காரின் கொடியை ஏற்றினார்.