மானியம் குறைஞ்சாலும் இ-ஸ்கூட்டர் விற்குது... மலைக்கு மட்டும் ஏறாதா?

2023 ஜூன் 1-ல் மத்திய அரசு ஃபேம்-2 மானிய உச்சவரம்பை, வண்டி விலையில் 40 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைத்தது. மே மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டிய இந்திய இ-டூவீலர் விற்பனை, ஜூனில் பாதிக்கும் கீழே போனது.

அதோட சந்தை முடங்கிடுச்சா? இல்லை. சின்ன பேட்டரியுடன் விலை குறைந்த மாடல்களை நிறுவனங்கள் இறக்கின. 2024-ல் விற்பனை 11 லட்சத்தைத் தாண்டியது.

ஆனால், கொல்லிமலையில் இருக்கும் அரியூர் நாடு போன்ற ஊர்களுக்குக் கணக்கே வேற. காரவள்ளி வழியா மலை ஏறினா 70 கொண்டை ஊசி வளைவுகள். மேடு ஏறும்போது சார்ஜ் வேகமா இறங்கும். இறக்கத்தில் திரும்பக் கிடைப்பது கொஞ்சம்தான். சின்ன பேட்டரி வண்டின்னா யோசிக்கணும். வாங்குவோர் குறைந்த ஊரில் சார்ஜிங் நிலையம் போட தனியாருக்கு லாபக் கணக்கு உதைக்கும்.

ஆக, வண்டி விலையைச் சந்தை பார்த்துக்கும். மலையில் சார்ஜிங் வசதிக்கு அரசுதான் முதல் அடி எடுத்து வைக்கணும்.