கடல் கடந்து பிறந்த குழந்தையின் குடியுரிமை

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், சில்க் போர்டு சந்திப்பைக் கடந்ததும் வருவது பொம்மனஹள்ளி. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளையும், தெற்கே உள்ள எலெக்ட்ரானிக் சிட்டியையும் நம்பித் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இங்குப் பல. ஒரு தலைமுறை மாநில எல்லையைக் கடந்தது; அடுத்த தலைமுறையோ கடலையே கடந்துவிட்டது. பேரக் குழந்தைகள் துபாயிலும் சிங்கப்பூரிலும் கனடாவிலும் பிறக்கின்றனர். தருமபுரியிலிருந்து பொம்மனஹள்ளிக்கு வர எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. துபாயில் பிறந்த பச்சிளங் குழந்தை பாட்டியின் மடிக்கு வந்துசேர மட்டும் சட்டம் வகுத்த வழியொன்று உண்டு. அவ்வழியைப் பற்றியே இங்குச் சிறிது ஆராய்வோம்.

நம் அண்டை வீட்டு அம்மையார் ஒருவர், துபாயில் பிறந்த பேரனுக்குக் குலதெய்வக் கோயிலில் முடியிறக்க நாள் குறித்துவிட்டார். விமானச் சீட்டும் வாங்கியாயிற்று. குழந்தைக்கு இருந்ததோ அந்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே. “தாயின் பாஸ்போர்ட்டிலேயே பிள்ளையின் பெயரையும் எழுதிவிடுவார்கள் அல்லவா, ஐயா?” என்று நம்மைக் கேட்டார். முன்னாளில் அவ்வழக்கம் இருந்தது உண்மையே. இன்று கைக்குழந்தையாயினும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். அதற்கும் முன்னதாக, அக்குழந்தை எந்நாட்டுக் குடிமகன் என்பது முடிவாக வேண்டும்.

உலக நாடுகள் குடியுரிமையை இரு நெறிகளால் வழங்குகின்றன. பிறந்த மண்ணைக் கொண்டு வழங்குவது ஒன்று. பெற்றோரின் குடியுரிமையைக் கொண்டு வழங்குவது மற்றொன்று. கனடாவில் பிறக்கும் குழந்தை, தூதரக அலுவலர்களின் மக்கள் போன்ற சிலர் நீங்கலாக, அந்நாட்டுக் குடிமகனாகவே பிறக்கிறது. துபாயிலோ சிங்கப்பூரிலோ பிறந்ததனால் மட்டும் அவ்வுரிமை வாராது. அங்குப் பிறக்கும் நம் குழந்தைகளுக்குப் பெற்றோர் வழியே புகலிடம்.

இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் 4ஆம் பிரிவு வெளிநாட்டில் பிறந்தவர்களைப் பற்றியது. 1992 டிசம்பர் 10ஆம் நாளுக்கு முன் பிறந்தவர்களுக்குத் தந்தை இந்தியக் குடிமகனாக இருத்தல் வேண்டும். தாயின் குடியுரிமை கணக்கில் கொள்ளப்படவில்லை. அந்நாள் முதல் தாய், தந்தை இருவரில் எவர் குடிமக்களாக இருப்பினும் போதும் என்றாயிற்று. பின்னர் 2004 டிசம்பர் 3ஆம் நாள் முதல் புதியதொரு நிபந்தனை நடைமுறைக்கு வந்தது. பிறந்த ஓராண்டிற்குள் இந்தியத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்தல் வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் மத்திய அரசின் அனுமதி பெற்றே பதிவு செய்ய இயலும்.

சட்ட வாசகங்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நாம், இவ்விடத்தில் நேயர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய ஒன்றைச் சுட்ட விரும்புகிறோம். ‘குடிமகனாதலால் பதிவு செய்க’ என்று சட்டம் கூறவில்லை. ‘பதிவு செய்யாவிடில் குடிமகனாகான்’ என்பதே அதன் கருத்து. பெற்றோர் இருவரும் இந்தியராயினும் உரிமை தானாக வந்துவிடுவதில்லை.

பதிவின்போது, குழந்தை வேற்று நாட்டுக் கடவுச்சீட்டு எதனையும் பெற்றிருக்கவில்லை என்று பெற்றோர் எழுத்து மூலம் உறுதி கூற வேண்டும். கனடாவில் பிறந்த குழந்தைக்கு அந்நாட்டுக் கடவுச்சீட்டை வாங்கிவிட்டால் இவ்வுறுதியைக் கூற இயலாது. அக்குழந்தை விசா பெற்றோ, வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் அட்டை பெற்றோதான் இங்கு வர முடியும். பெயரில் ‘குடிமகன்’ என்று இருப்பினும், அவ்வட்டை வாக்குரிமை தாராது. விளைநிலம் வாங்கவும் உதவாது. வேற்று நாட்டுக் கடவுச்சீட்டு பெறாமல் இந்தியக் குடிமகனாகப் பதிவு பெற்ற குழந்தைக்குப் பிறந்த நாட்டுக் குடியுரிமையும் இருக்குமாயின், வயது வந்த 6 மாதங்களுக்குள் அதனைத் துறத்தல் வேண்டும். இன்றேல் இந்தியக் குடியுரிமை நீங்கிவிடும். ஆகவே எக்கடவுச்சீட்டை முதலில் வாங்குவது என்பது குழந்தையின் எதிர்காலத்தையே முடிவு செய்வதாகும். அவசரத்தில் செய்யத்தக்கதன்று.

இந்தியக் கடவுச்சீட்டு பெற்றபின், பெற்றோர் பணிபுரியும் நாட்டில் தங்குவதற்கான அனுமதியையும் பெற வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் பிறந்த 120 நாட்களுக்குள் அதனைப் பெறாவிடில் நாள்தோறும் அபராதம் வளரும். அனுமதி பெறாமலே குழந்தையை ஊருக்கு அழைத்து வந்தால், தாய் திரும்பிச் செல்லும் நாளில் குழந்தைக்குப் புதிதாக நுழைவு அனுமதி தேட நேரும். தாயின் விடுமுறை முடிந்து, பிள்ளை மட்டும் இங்குத் தங்கும் நிலை எவருக்கும் வேண்டா.

தமிழர்க்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை; தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. வெளிநாட்டு மருத்துவமனையில் அதனை ஒருவாறும், கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் வேறொருவாறும் எழுதிவிட்டால், திருத்தத்திற்கே வாரங்கள் செல்லும். தலையெழுத்தை எவ்வாறு விரிப்பது என்பதைக் குழந்தை பிறக்கும் முன்னரே முடிவு செய்து, எல்லாத் தாள்களிலும் அவ்வாறே எழுதுக.

தாயகத்தில் நிலையாகத் தங்கும் எண்ணத்துடன் திரும்புவோர், அங்குப் பதிவாகாத பிறப்பைக் குழந்தை வந்த 60 நாட்களுக்குள் இங்குள்ள பதிவாளரிடம் பதிய, 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இடமளிக்கிறது. அது பிறப்புப் பதிவு மட்டுமே; தூதரகப் பதிவிற்கு ஈடாகாது.

அண்டை வீட்டாரிடம் இவற்றை எடுத்துரைத்தோம். முடியிறக்கும் நாளைத் தள்ளி வைத்தனர். தூதரகப் பதிவு, கடவுச்சீட்டு, தங்கும் அனுமதி என்று முறையே பெற்றபின், ஏழாம் மாதத்தில் பேரன் வந்து சேர்ந்தான். குலதெய்வம் காத்திருக்கும், சட்டம் குறித்த நாள் காத்திராது. பேரக் குழந்தை பிறந்த செய்தி கடல் கடந்து வரும்போது, வாழ்த்துடன் ஒரு வினாவையும் சேர்த்து அனுப்புக: “தூதரகத்தில் பதிவு செய்தாயிற்றா?”