கன்று வீசிய மாட்டைச் சந்தைக்கு ஓட்டாதீர்கள்

ஏழு, எட்டு மாதச் சினையில் மாடு கன்று வீசினால், விழுந்ததையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் அள்ளி வாய்க்காலில் போடுகிறோம். பிறகு, ராசியில்லாத மாடு என்று சந்தையில் தள்ளிவிடுகிறோம். கன்றுவீச்சு நோய் என்கிற புரூசெல்லோசிஸ் ஊர்விட்டு ஊர் போக இது போதும்.

மாடு பார்க்க நன்றாகவே இருக்கும். தீனி எடுக்கும், கறக்கும், அடுத்த ஈற்றில் முழுக் கன்றுகூடப் போடும். ஆனால் கிருமி மடியில் தங்கிப் பாலிலும், கன்று ஈனும்போது நஞ்சுநீரிலும் வெளியேறும். கீழே கிடக்கும் நஞ்சுக்கொடியைப் பக்கத்து மாடு நக்கினாலே தொற்றிவிடும். தொற்றிய மாட்டுக்கு நம்பகமான சிகிச்சை கிடையாது.

கன்று வீசியதும் கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ சொல்லுங்கள். மாட்டைத் தனியே கட்டுங்கள். கையுறை இல்லாவிட்டால் கையில் பாலித்தீன் பையாவது மாட்டிக்கொண்டு, விழுந்ததை நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கர்ப்பிணிகள் கிட்டே போகவே வேண்டாம். மாடு அடிபட்டாலும் சினை கலையும். கன்று விழுந்தது கன்றுவீச்சு நோயாலா என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப் பட்டியலில் இந்த நோய் இருக்கிறது. சந்தேகம் வந்தாலே கிராம அலுவலரிடமோ ஊராட்சியிலோ தெரிவிப்பது மாட்டுக்காரரின் கடமை. நோய் தெரிந்தே சந்தைக்குக் கொண்டுவருவது குற்றம். வாங்குகிறவர்களும், தரகர் முகம் சுளித்தாலும், பரிசோதனை முடிவைக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள். கடன் வாங்கிய பணத்தில் நோயை ஓட்டிவந்து தொழுவத்தில் கட்டும் குடும்பத்தின் பாடு மிகக் கொடியது.

தடுப்பூசி இருக்கிறது, அதுவும் இலவசம். 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு ஆயுளுக்கு ஒரே முறை போடுகிறார்கள். காளைக்கன்றுக்கும் சினைமாட்டுக்கும் கிடையாது. உயிருள்ள கிருமியால் ஆன மருந்து என்பதால் நீங்களே வாங்கிப் போடக்கூடாது.

மனிதருக்கும் இந்த நோய் வரும். பாலைக் காய்ச்சியே குடியுங்கள். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், ராத்திரி வியர்வை, மூட்டுவலி, ஆண்களுக்கு விரைவீக்கம் இருந்தால், மாடு வளர்ப்பதையும் கன்று வீசியதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டைபாய்டு என்றே மருந்து கொடுக்கக்கூடும். சரியான மாத்திரைகளைக் குறைந்தது ஆறு வாரம் சாப்பிட வேண்டும். காய்ச்சல் விட்டதென்று நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும்.